முதல் புதன்கிழமை ரத்தம்

அந்த டயாலிசிஸ் பிரிவில் மாதத்தின் முதல் புதன்கிழமைக்குத் தனி மரியாதை உண்டு. அன்றைக்குத்தான் எல்லோருக்கும் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பார்கள். எடுக்கிற நேரமும் முக்கியம்: மெஷினோடு இணைப்பதற்கு முந்தின நிமிஷம். மெஷின் ஓடத் தொடங்கிவிட்டால் ரத்தத்தில் இருக்கிற கழிவு வெளியேற ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு எடுத்துப் பார்ப்பது, துவைத்துக் காயப்போட்ட சட்டையைக் காட்டி இதில் எவ்வளவு அழுக்கு இருந்தது என்று கேட்பதற்குச் சமம். அதனால் முதலில் இரண்டு குப்பி ரத்தம், அப்புறம்தான் நான்கு மணி நேர ஓட்டம்.

வெள்ளிக்கிழமை முடிவுகள் வரும். அவற்றை நோயாளிகளுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வது டயட்டீஷியனின் வேலை. ஐந்து வருஷத்துக்கு முன் அவள் அங்கே சேர்ந்த புதிதில் எண்களைப் படித்துக் காட்டினாள். பெரியவர்கள் பொறுமையாகத் தலையை ஆட்டிவிட்டு டீ எப்போது வரும் என்று கேட்டார்கள். அப்போதுதான் அவளுக்கு ஸ்டிக்கர் யோசனை வந்தது. ஆளுக்கொரு கையகல அட்டை. பாஸ்பரஸ், பொட்டாசியம், யூரியா என்று மூன்று வரிசை. அளவு கட்டுக்குள் இருந்தால் பச்சை வட்டம், கொஞ்சம் ஏறினால் மஞ்சள், எல்லை தாண்டினால் சிவப்பு. நோயாளிகள் அதைப் பொட்டு என்றார்கள். அவளுக்குப் பொட்டு டீச்சர் என்று பெயர் வைத்தார்கள்.

பொட்டு நன்றாகவே வேலை செய்தது. நாற்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர், ஐந்தாம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வெள்ளிக்கிழமைதோறும் அக்கம்பக்கத்து அட்டைகளை எட்டிப் பார்ப்பார்.

"சிவப்பு சிக்னல் விழுந்துருச்சுப்பா இவருக்கு. ஓரங்கட்டுங்க, ஓரங்கட்டுங்க."

அவருக்கு அடுத்த ஆறாம் நாற்காலிக்காரரிடம் மட்டும் இந்தக் கேலி எடுபடாது. அவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். முப்பத்தைந்து வருஷம் கடைகடையாக ஏறி இறங்கி, தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தியவர். வயது எழுபத்தெட்டு. எல்லோருக்கும் அவர் 'தராசு'. முகத்துக்கு நேராக 'ஐயா'. பதினோரு மாதமாக அவருடைய அட்டையில் பச்சையைத் தவிர வேறு நிறமே கிடையாது. மற்றவர்களைத் திட்டும்போது டயட்டீஷியன் அந்த அட்டையைத்தான் தூக்கிக் காட்டுவாள்.

"பாருங்க, ஐயாவால முடியுது. உங்களால ஏன் முடியல?"

தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொள்வார்.

அந்த மாத முடிவுகள் வந்த அடுத்த திங்கட்கிழமை மதியம், டாக்டரின் அறையில் மாதாந்தரக் கூட்டம். டாக்டர், பெரிய சிஸ்டர், டயட்டீஷியன், மூன்றே பேர். மேஜையில் ஒரு புதுத் தாள். எழுபத்தைந்து வயது தாண்டிய நோயாளிகளுக்காக எட்டு மாதமாக டாக்டர் நிரப்பி வருகிற தாள் அது. வயது, நடமாட்டம், ரத்தத்தில் நான்கைந்து அளவுகள், இவற்றுக்கெல்லாம் புள்ளிகள். கூட்டிப் பார்த்தால் இவர் மாதிரியானவர்கள் பொதுவாக இன்னும் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று ஒரு மதிப்பு கிடைக்கும்.

"ஆறாம் நாற்காலி," என்றார் டாக்டர். "புள்ளி ரொம்ப ஏறிடுச்சு. ஆறு மாசக் கட்டத்துல நிக்கிறார்."

டயட்டீஷியன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தராசு ஐயாவா? அவருக்கு எல்லாமே பச்சையாச்சே!"

"அதான் பிரச்சினை."

டாக்டர் தாளை அவள் பக்கம் திருப்பினார். பாஸ்பரஸ் 2.9. யூரியா பாதிக்குப் பாதி குறைவு. ப்ரீஆல்புமின் 21. அதற்கு எதிரே பெரிய கறுப்பு வட்டம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கூட்டத்தில் நடந்தது விளங்காது. சிறுநீரகம் நின்றுபோனவர்களின் ரத்தத்தில் சேர்கிற கழிவில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து வருவது. பாலும் முட்டையும் மீனும் தசையை வளர்க்கும். கூடவே பாஸ்பரஸையும் யூரியாவையும் கொண்டுவந்து கொட்டும். அளவுக்கு மேல் போனால் எலும்பும் ரத்தக்குழாயும் கெடும். அதனால் நடுவயதுக்காரருக்கு அளவு குறைந்தால் சந்தோஷப்படலாம். எண்பதை நெருங்குகிறவருக்கு அளவு மிகவும் குறைந்துபோனால் கேள்வியே வேறு: கட்டுப்பாடாகச் சாப்பிடுகிறாரா, அல்லது சாப்பிடவே முடியாத நிலைக்குப் போய்விட்டாரா? உடம்பு உள்ளுக்குள் கரைகிறவர்களின் எண்களும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒரே 2.9, டயட்டீஷியனின் அட்டையில் பச்சைப் பொட்டு, டாக்டரின் தாளில் கறுப்பு வட்டம்.

ப்ரீஆல்புமின் இன்னும் நேர்மையான சாட்சி. ஈரல் செய்கிற ஒரு புரதம் அது. ஆயுசு சில நாட்கள்தான். அதனால் உடம்புக்கு வரத்து குறைந்தால் உடனே குறையும். முப்பதுக்குக் கீழே போனால் டயாலிசிஸ்காரர்களுக்கு அது நல்ல சகுனம் இல்லை.

"இப்ப முடிவெடுக்க வேண்டியது ஒண்ணுதான்," என்றார் டாக்டர். "அவருக்குக் கழுத்துல குழாய் போட்டு ஓட்டிட்டிருக்கோம். கை ஆபரேஷனுக்கு வர்ற மாசம் ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு அவருக்குன்னு நெனச்சிருந்தேன். ஆனா கையில தமனியையும் சிரையையும் இணைச்சா, அது பருத்து ஊசி தாங்கறதுக்கே மூணு மாசம் ஆகும். ஆறு மாசம் இருக்கறவருக்கு மூணு மாச வேதனை எதுக்கு? அவரை நிம்மதிப் பட்டியலுக்கு மாத்திடலாம்னு பாக்கறேன். வாரம் மூணுக்குப் பதிலா ரெண்டு தடவை ஓட்டம். ரத்தம் எடுக்கறதை நிறுத்திடலாம். வீட்டம்மாகிட்ட நான் பேசறேன்."

கழுத்துக் குழாய் என்பது கிருமிக்குத் திறந்துவைத்த வாசல். கையில் இணைப்பு இருந்தால் அந்த வாசலை மூடிவிடலாம். ஆபரேஷன் கிடைத்தால் அவருக்கு வருஷங்கள் கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் தாளில் எழுதியிருக்கிற ஆறு மாதம் தானாகவே பலித்துவிடும். மூன்று பேருக்கும் இது தெரியும்.

டாக்டர் தாளின் கடைசிக் கேள்விக்கு வந்தார். அது ரத்தம் சம்பந்தப்பட்டது இல்லை. தினம் பார்க்கிற நர்ஸிடம் கேட்க வேண்டிய கேள்வி. "சிஸ்டர், இவர் ஒரு வருஷத்துக்குள்ள போயிட்டார்னா உங்களுக்கு ஆச்சரியமா இருக்குமா?"

பெரிய சிஸ்டர் இருபது வருஷமாக ஊசி போடுகிறவர். யோசிக்காமல் சொன்னார்.

"இருக்கும். போன வெள்ளிக்கிழமை என்கிட்ட கால்மணி நேரம் சண்டை. நம்ம எடை மிஷின் இருநூறு கிராம் கூடக் காட்டுதாம். கையில ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலைக் கொண்டுவந்து வச்சு நிரூபிச்சுட்டுத்தான் விட்டார். சாகப்போற ஆளு அப்படிச் சண்டை போடாது டாக்டர்."

"சண்டைக்குப் புள்ளி போடத் தாள்ல கட்டம் இல்லையே சிஸ்டர்."

"அப்ப தாள்லதான் கோளாறு."

டாக்டர் சிரித்தார். ஆபரேஷன் பட்டியல் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை போகும், அதுவரை யாருக்காவது வேறு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள் என்று தாளை மூடினார்.

டயட்டீஷியன் தன் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு பழக்கம்: ஏதாவது எண் ஒத்துப்போகவில்லை என்றால் சோறு இறங்காது. தராசின் ஒரு வருஷ முடிவுகளை வரிசையாக அடுக்கினாள்.

உடம்பு கரைகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கிரியாட்டினின் இறங்கியிருக்க வேண்டும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வரும். தசை கரைந்தால் மாதாமாதம் படிப்படியாக அதுவும் இறங்கும். தராசுக்கு அது ஒரு வருஷமாக ஒன்பதைச் சுற்றியே நின்றுகொண்டிருந்தது. சரி, தசை இருக்கிறது.

உள்ளே எங்கேயோ கிருமியோ வீக்கமோ என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ப்ரீஆல்புமின் இறங்கும். ஈரல் அதைச் செய்வதை விட்டுவிட்டுச் சண்டைக்கான சாமான்களைச் செய்யப் போய்விடும். ஆனால் அப்படியானால் சி.ஆர்.பி. ஏறியிருக்க வேண்டும், அதுதான் அந்தச் சண்டைச் சாமான். அதுவும் சாதாரணமாகவே இருந்தது.

தசையும் கரையவில்லை, கிருமியும் இல்லை. ஆனால் சில நாளில் ஏறி இறங்குகிறவை மட்டும், அதாவது பாஸ்பரஸ், யூரியா, ப்ரீஆல்புமின், மூன்றும் தரையில் கிடக்கின்றன. மாதக்கணக்கில் மெதுவாக நகர்கிறவை அசையவில்லை. நீண்ட நாள் நோய் இல்லை இது. இந்த ஒரு வாரத்தில் நடந்த ஏதோ ஒன்று.

'இந்த மனுஷன் இந்த வாரம் சாப்பிடவே இல்லை.'

அவள் எழுந்து போய்ப் பெரிய சிஸ்டரிடம் எடைப் பதிவேட்டைக் கேட்டாள். ஐந்து வருஷத்தில் அதை அவள் திறந்து பார்த்ததே கிடையாது. அது நர்ஸுகளின் புத்தகம். ரத்த முடிவுகள் அவளுடையவை. புள்ளித் தாள் டாக்டருடையது. அவரவர் காகிதம் அவரவர் மேஜையில்.

"உனக்கு எதுக்கு டீச்சர் இது? இதுல பொட்டு வைக்க இடமில்ல."

"கொடுங்களேன் சிஸ்டர்."

டயாலிசிஸுக்கு வருகிறவர்களை வந்ததும் ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை எடை போடுவார்கள். இரண்டு நாள் இடைவெளியில் ஏறுகிற எடை சதை இல்லை, தண்ணீர். சிறுநீர் போகாததால் குடித்ததெல்லாம் உடம்பிலேயே நிற்கும். தண்ணீரைக் கூப்பிடுவது உப்பு. உப்பு வருவது சாப்பாட்டில். ஆக, சாப்பிட்டவருக்குத் தாகம், தாகத்துக்குத் தண்ணீர், தண்ணீருக்கு எடை.

தராசு மெஷினை விட்டு இறங்கும்போது ஐம்பத்தெட்டு கிலோ. சாதாரணத் திங்கட்கிழமைகளில் அறுபத்தொன்றை ஒட்டி வருவார், புதன்களில் அறுபது சொச்சம். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் மட்டும் திங்கள் அறுபது, புதன் ஐம்பத்தெட்டே முக்கால். வெள்ளிக்கிழமை அறுபத்தொன்றரை. அது விட்டதைப் பிடித்த சாப்பாடு. பதினோரு மாதம். ஒரு மாதம்கூடத் தப்பவில்லை. பல் விழுந்த சீப்பு மாதிரி, சரியாக முதல் வாரத்தில் ஒரு பள்ளம்.

அவள் பதிவேட்டை மூடி, விரலை மட்டும் அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை, உள்ளே தராசுக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே காத்திருப்புக் கூடத்தில் அவர் மனைவி எப்போதும் உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை, அதில் மாற்றுச் சட்டை. டயட்டீஷியன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஐயா வீட்ல எப்படிச் சாப்பிடறார்?"

"அவருக்கென்ன, ஜம்முனு சாப்பிடுவார். நேத்துக்கூட ரெண்டு முட்டை. மீன் வேணும்னு ஒரே அடம்."

"முதல் வாரத்துலயும் அப்படித்தானா?"

அந்த அம்மா பையின் காதை முறுக்கினார். முறுக்கி அவிழ்த்தார்.

"நான் எதுவும் சொல்லலைன்னு இருக்கணும். சத்தியம் வாங்கியிருக்கார்."

"நீங்க சொல்லவே வேணாம். நான் சொல்றேன், இல்லைன்னா தலையாட்டுங்க. சனிக்கிழமை ராத்திரியோட நிறுத்திடறார். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் காலை வரைக்கும் ஒண்ணும் சாப்பிடறதில்ல."

தலை ஆடவில்லை. பிறகு ஒரேயடியாகக் கொட்டிவிட்டார்.

"வெறும் கஞ்சித்தண்ணி டீச்சர். உப்புகூடப் போடக் கூடாதுன்னுடுவார். மயக்கம் போட்டு விழுந்துடுவீங்கன்னு அழுதிருக்கேன். 'உனக்குத் தெரியாதுடி, பரீட்சை நேரத்துல குறுக்க வராத'ங்கறார். எழுபத்தெட்டு வயசுல என்ன பரீட்சை? புதன்கிழமை வீட்டுக்கு வந்து பாருங்க, அடுப்பையே விழுங்கற மாதிரி சாப்பிடுவார்."

டயட்டீஷியன் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "யாரும்மா அவருக்குப் பரீட்சை வச்சது?"

அந்த அம்மா அவளை நேராகப் பார்த்தார். "நீங்கதான்."

அவள் நேராக ஆறாம் நாற்காலிக்குப் போனாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எடைப் பதிவேட்டை அவர் மடியில் விரித்தாள். முதல் வாரங்களைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தாள். தராசு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டாவது பக்கத்துக்கு வரும்போதே விஷயம் பிடிபட்டுவிட்டது. மூடிக் கொடுத்தார்.

"உங்க எடை மிஷின் இருநூறு கிராம் தப்பு. அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"எல்லா நாளும் அதே இருநூறு தப்புன்னா பள்ளம் பள்ளமாத்தான் இருக்கும் ஐயா. அது உங்களுக்குத் தெரியாததா?"

பக்கத்து நாற்காலியிலிருந்து டிரைவர் கழுத்தை நீட்டினார். "என்ன சார், வண்டியை செக்கிங்ல பிடிச்சிட்டாங்களா?"

"நீங்க உங்க ரோட்டைப் பாருங்க," என்றார் தராசு.

பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னார். "முதல் மாசம் சிவப்பு வந்துச்சு. இந்த ஆளு என்ன சொன்னான் தெரியுமா? 'என்ன சார், உங்க முத்திரை இங்க செல்லாதா'ன்னான். முப்பத்தஞ்சு வருஷம் ஊரான் தராசைத் தப்புன்னு சொன்னவன் நான். என் அட்டையில சிவப்பு ஒட்டிக்கிட்டு உட்கார முடியுமா?"

அவள் டாக்டரின் தாளைப் பற்றிச் சொன்னாள். மறைக்காமல் சொன்னாள்: பச்சைப் பொட்டு எதற்கு, கறுப்பு வட்டம் எதற்கு, கை ஆபரேஷன் எதற்கு, அது ஏன் கை நழுவிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாக. ப்ரீஆல்புமின் எப்படி ஏறி இறங்கும் என்பதை விரலை உயர்த்தித் தாழ்த்திக் காட்டினாள். எப்படி இயங்குகிறது என்று விளக்க ஆரம்பித்தால் அவளுக்கு வருத்தம்கூட மறந்துவிடும். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிடும். தராசு இடையில் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சோதனை நாளை ஒரு மாசம் முன்னாலேயே ஏன் எல்லாருக்கும் சொல்றீங்க?"

"சொல்லாம எப்படி? வழக்கம் அது. முதல் புதன்."

"நான் ஒரு கடைக்குப் போற நாளை ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. என் வீட்டுக்காரிக்கே தெரியாது. சொல்லிட்டுப் போனா, அன்னிக்கு மட்டும் கடைத்தெருவுல ஒரு தராசும் பொய் சொல்லாது. மறுநாள் மறுபடி சாமான் தட்டுக்கு அடியில மெழுகை ஒட்டிடுவான்." அவர் தன் மடியில் கிடந்த அட்டையைத் தட்டினார். "தப்பு பண்ணினது நான்தான். ஆனா வழியை வச்சது நீங்க."

மெஷின் ஒரு தடவை கூவிவிட்டு அடங்கியது.

"அப்ப இப்படிச் செய்யலாம்," என்றாள் அவள். "நான் சொல்ற அளவுக்கு ஒழுங்கா சாப்பிடுங்க. கூடவும் வேணாம், குறையவும் வேணாம். மாசக் கடைசிக்குள்ள ஏதோ ஒரு நாள் ரத்தம் எடுப்போம். எந்த நாள்னு சொல்ல மாட்டேன்."

தராசு முதல் தடவையாகச் சிரித்தார். "அது ஆய்வு."

டாக்டரிடம் அவள் அன்று மதியமே சொன்னாள். எண்களை மட்டும் சொல்லவில்லை. பதினோரு மாதமும் அந்த அட்டையைத் தூக்கிக் காட்டி மற்றவர்களைத் திட்டியது தானே என்பதையும் சொன்னாள். டாக்டர் பதிவேட்டைப் புரட்டினார், உதட்டைப் பிதுக்கினார். "நான் இந்தப் புத்தகத்தைக் கேட்டதே இல்ல," என்றார். அதற்கு மேல் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. மறு ரத்தம் வரட்டும் என்று முடிவாயிற்று.

அந்தப் பன்னிரண்டு நாளில் அவள் இன்னொரு வேலை செய்தாள். தராசின் பக்கத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவளால் முடியவில்லை. அந்தப் பிரிவின் எல்லாப் பக்கங்களையும் திறந்து முதல் வாரப் பள்ளத்தைத் தேடினாள். இருபத்து நான்கு பேரில் ஒன்பது பேருக்கு இருந்தது. சிலருக்கு ஆழமாக, சிலருக்கு மேலோட்டமாக. டிரைவருக்கும் இருந்தது, அவர் ஒரு நாள் மட்டும் பட்டினி போல. ஒன்பதில் ஒரு பக்கம் பழையது. மூன்றாம் நாற்காலியில் இருந்த தையல்கார அம்மாவுடையது. நான்கு மாதத்துக்கு முன் புள்ளி ஏறியதால் அவரை நிம்மதிப் பட்டியலுக்கு மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் இறந்துபோனார். எண்பத்து மூன்று வயது, இதயமும் பலவீனம். பட்டினி கிடக்காமல் இருந்திருந்தால் புள்ளி என்னவாக வந்திருக்கும், வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கவில்லை. எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காது. டயட்டீஷியன் அதை நகல் எடுத்து டாக்டரின் மேஜையில் வைத்தாள். அவர் படித்துவிட்டு அதைத் தாள்களோடு சேர்க்காமல், மேஜையின் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

நான்காம் வாரத் திங்கட்கிழமை, மெஷினோடு இணைக்கிற நேரத்தில் பெரிய சிஸ்டர் சட்டைப்பையிலிருந்து இரண்டு குப்பிகளை எடுத்தார்.

"இன்னிக்கா?" என்றார் தராசு.

"ஏன், மெழுகு ஏதாவது ஒட்டியிருக்கா?"

"தாராளமா எடுங்க."

டிரைவர் தன் நாற்காலியில் நெளிந்தார். "சிஸ்டர், நமக்கெல்லாம் கிடையாதே?"

"உங்களுக்கு என்னிக்குன்னு சொன்னா அப்புறம் அது என்ன சோதனை?"

"அநியாயம் சிஸ்டர். நேத்து கல்யாண வீட்டுக்குப் போய்ட்டு வந்தேன்."

புதன்கிழமை முடிவு வந்தது. பாஸ்பரஸ் 6.2. பழைய கணக்குப்படி சிவப்பு. யூரியா ஏறியிருந்தது. கிரியாட்டினின் அதே ஒன்பது. ப்ரீஆல்புமின் இருபத்தொன்பது.

டாக்டர் அந்தக் கடைசி எண்ணைப் பேனாவால் தொட்டார். "முப்பது இல்ல."

"இருபத்தொண்ணும் இல்ல," என்றாள் டயட்டீஷியன்.

அவர் மறுபடி கூட்டினார். நிதானமாக, ஒவ்வொரு கட்டமாக. சிஸ்டரின் பதிலையும் சேர்த்துக் கூட்டினார். "ரெண்டு வருஷக் கட்டம். இவர் மாதிரி நூறு பேர்ல ரெண்டு வருஷம் கழிச்சு அம்பத்தஞ்சு பேர் இருப்பாங்க." வெள்ளிக்கிழமை போக வேண்டிய பட்டியலை இழுத்து, காலியாக இருந்த இரண்டாம் வரியில் ஆறாம் நாற்காலிக்காரரின் பெயரை எழுதினார். மூடியைத் திருகிப் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு அடுத்த ஆளின் தாளை எடுத்தார்.

தராசு தன் கணக்கைக் கேட்டே தீருவேன் என்றார். டயட்டீஷியன் சொன்னாள். மனைவியும் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நூறு பேர்ல அம்பத்தஞ்சு," என்று திருப்பிச் சொன்னார். "அந்த அம்பத்தஞ்சுல நான் உண்டா?"

"அது தாளுக்குத் தெரியாது ஐயா. நூறு பேரை மொத்தமா எடை போட்டா இவ்வளவுன்னுதான் சொல்லும். தனியா ஒரு ஆளை எடுத்து வச்சா முள் எங்க நிக்கும்னு சொல்லாது."

"அப்ப அது மூட்டைத் தராசு. பொன் தராசு இல்ல."

"ஆமா."

"என்னை மாதிரி நூறு பேராமே," என்றார் மனைவியிடம்.

"ஒருத்தரை வச்சுக்கிட்டே நான் படற பாடு போதும்," என்றார் அந்த அம்மா, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடி.

ஆபரேஷன் சாதாரணமாக முடிந்தது. மணிக்கட்டுக்கு மேல் இரண்டங்குலத் தழும்பு. இணைப்பு சரியாக இருந்தால் அந்த இடத்தில் விரல் வைக்கும்போது சின்ன மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு அதிர்வு தெரியும். தமனியின் வேகம் சிரைக்குள் பாய்கிற அதிர்வு அது. தராசு தினம் காலையும் மாலையும் அதைச் சோதித்து ஒரு நோட்டில் நேரத்தோடு குறித்துவைத்தார். மூன்று மாதமும் பத்து நாளும் கழித்துப் பெரிய சிஸ்டர் முதல் தடவையாக அந்தக் கையில் ஊசி போட்டார். ரத்தம் தடங்கல் இல்லாமல் வந்தது. அடுத்த வாரம் கழுத்துக் குழாயை எடுத்தார்கள்.

இதற்குள் பொட்டு ஒழிந்துபோயிருந்தது. டிரைவர் தலைமையில் நோயாளிகள் எதிர்த்தார்கள். நிறம் இல்லாமல் என்ன சுவாரசியம் என்றார்கள். டயட்டீஷியன் இறங்கி வரவில்லை. புது அட்டையில் எண் இருந்தது, பக்கத்தில் எடை இருந்தது, அடியில் 'சொல்லாமல் எடுத்தது' என்று ஒரு வரி.

குழாய் எடுத்த வெள்ளிக்கிழமை அவள் தராசுக்கு அந்த மாத அட்டையைக் கொடுத்தாள். அவர் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரை படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"என்ன ஐயா, தப்பா?"

"கையெழுத்து இல்ல. தேதியும் இல்ல. சோதிச்சவங்க கையெழுத்து இல்லாம முத்திரை செல்லாது."

அவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். தேதியும் எழுதினாள். அவர் மை காய்கிற வரை அட்டையைப் பிடித்திருந்தார்.

"எவ்வளவு நாளைக்கு ஐயா செல்லும் உங்க முத்திரை?"

"ஒரு வருஷம். அதுக்கப்புறம் மறுபடி வந்து பாக்கணும்," என்றார் தராசு. ஊசி போட்டிருந்த கையை அசைக்காமல், மறு கையால் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.